பக்கம் திருப்பினால் புத்தகமே மூடுகிறதே!

போனில் புத்தகம் படிப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில், பக்கம் திருப்புவது தொடர்பானவை மட்டும் இந்த இதழில். செட்டிங்ஸில் உள்ள பெயர்களும் இடங்களும் கம்பெனிக்குக் கம்பெனி, பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் பெயரை அடித்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

கேள்வி: கிண்டிலில் முந்தைய பக்கம் போக இடது ஓரத்திலிருந்து விரலைத் தள்ளுகிறேன். புத்தகம் மூடி, நூலகப் பக்கம் வந்துவிடுகிறது. செயலியை நீக்கி மறுபடி ஏற்றியும் பலனில்லை. ஆண்ட்ராய்டு போன்.

பதில்: எத்தனை முறை ஏற்றினாலும் பலனிருக்காது. உங்கள் விரல் கிண்டிலைத் தொடுவதற்கு முன்பே ஆண்ட்ராய்டு அதைப் பிடித்துக்கொள்கிறது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், சைகை வழிசெலுத்தலை (பொத்தான்களுக்குப் பதில் விரல் இழுப்பாலேயே போனை நடத்தும் முறையை) வைத்திருக்கும் போன்களில் இடமோ வலமோ எந்த ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தாலும் அது 'பேக்' கட்டளை. பக்கம் திருப்ப நாம் செய்வதும் அதே இழுப்புதான். செயலிகள் ஓரத்தில் ஒரு பகுதியைத் தமக்கென்று கேட்டு வாங்கலாம். ஆனால் பொதுவாக ஓர் ஓரத்துக்கு 200 டிபி (ஆண்ட்ராய்டு திரையை அளக்கும் அலகு) உயரத்துக்கு மேல் ஆண்ட்ராய்டு கொடுக்காது. சாதாரண போனில் அது ஓரத்தின் உயரத்தில் ஏறத்தாழ கால் பங்கு. ஓரம் முழுவதையும் வளைத்துக்கொள்ள வாசிப்புச் செயலிகளுக்குப் பொதுவாக வழியில்லை.

உடனடி வைத்தியம், தள்ளுவதை விட்டுத் தட்டுவது. வலப்பக்கம் ஒரு தட்டு அடுத்த பக்கம். இடது ஓரப் பட்டையில் ஒரு தட்டு முந்தைய பக்கம். நடுவில் தட்டினால் மெனு. தட்டலுக்கு ஆண்ட்ராய்டு போட்டிக்கு வராது. தள்ளித்தான் பழக்கம் என்றால், ஓரத்திலிருந்து ஒரு கட்டைவிரல் அகலம் உள்ளே தள்ளி விரலை வைத்து அங்கிருந்து தொடங்குங்கள்.

ஓரத்தின் உணர்திறனைக் குறைக்கவும் முடியும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஜெஸ்சர்ஸ், நேவிகேஷன் மோட் என்று போனால் சைகை வழிசெலுத்தலுக்குப் பக்கத்தில் பல்சக்கரக் குறி இருக்கும். அதற்குள் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் தனித்தனி அளவுகோல்கள். சாம்சங்கில் டிஸ்ப்ளே, நேவிகேஷன் பார் வழியாகப் போக வேண்டும். தினமும் மணிக்கணக்கில் படிப்பவர் என்றால் எங்கள் யோசனை, பழைய மூன்று பொத்தான் முறைக்கே திரும்பிவிடுங்கள். அழகு குறைவுதான், ஆனால் ஓரங்கள் இரண்டும் முழுசாகப் புத்தகத்துக்கு.

கேள்வி: ஒலிப் பொத்தானால் பக்கம் திருப்பலாம் என்கிறார்கள். என் ஐபோனில் அப்படி எதுவும் காணோம்.

பதில்: தேட வேண்டாம். ஒலிப் பொத்தானின் வேலையை மாற்றும் செயலிகளை ஆப் ஸ்டோர் விதிகளே அனுமதிப்பதில்லை. ஆண்ட்ராய்டில் அந்தத் தடை இல்லை. கிண்டிலில் சின்னதும் பெரிதுமாக இரண்டு ஏ எழுத்துகள் சேர்ந்த குறியைத் தொட்டு 'மோர்' பகுதியில் பாருங்கள். கூகுள் பிளே புக்ஸில் செயலியின் செட்டிங்ஸில் இருக்கும். மூன் பிளஸ் ரீடரில் 'கண்ட்ரோல் ஆப்ஷன்ஸ்' என்ற பகுதியில் ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனியாக வேலை ஒதுக்கலாம்.

பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் படிப்பவர்களுக்கு இதைவிட நல்ல வசதி கிடையாது. இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். பாட்டுக் கேட்டுக்கொண்டே படித்தால் ஒலியைக் கூட்ட அழுத்தும்போதும் பக்கம்தான் திரும்பும். ஒலி அளவை முன்பே சரிசெய்துகொள்ளுங்கள். இன்னொன்று, கம்பி வைத்த இயர்போனில் உள்ள ஒலிப் பொத்தானும் போனின் பொத்தான் போலவே செயல்படும். போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு, போர்வைக்குள்ளிருந்தே பக்கம் திருப்பலாம்.

கேள்வி: படித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று போன் பேச ஆரம்பித்துவிட்டது. தட்டினால் பக்கம் திரும்பவில்லை, ஒரு கட்டம் மட்டும் வருகிறது.

பதில்: இரண்டு ஒலிப் பொத்தான்களையும் சேர்த்து 3 நொடி அழுத்தியிருப்பீர்கள். பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் டாக்பேக்கை இயக்கும் குறுக்குவழி அது. ஒலிப் பொத்தானால் பக்கம் திருப்புகிறவர்கள் அடிக்கடி இதில் மாட்டுகிறார்கள். அதே இரண்டையும் மறுபடி 3 நொடி அழுத்தினால் அடங்கிவிடும். இனி வரவே கூடாது என்றால் அக்சஸிபிலிட்டி பகுதியில் டாக்பேக்குக்குள் போய் அந்தக் குறுக்குவழியை அணைத்துவிடுங்கள்.

டாக்பேக் உண்மையிலேயே தேவைப்படுபவர்களுக்கு: அது இயங்கும்போது ஒற்றை விரல் தட்டலும் தள்ளலும் டாக்பேக்குக்கே சொந்தம். திறக்க இரண்டு முறை தட்ட வேண்டும். பக்கத்தைத் தள்ள இரண்டு விரல் வேண்டும். ஐபோனின் வாய்ஸ்ஓவரில் பக்கம் திருப்ப மூன்று விரல். இரண்டு விரலால் மேலிருந்து கீழே தள்ளினால் அந்த இடத்திலிருந்து வாசித்துக்கொண்டே போகும், ஆப்பிள் புக்ஸில் பக்கமும் தானே திரும்பும்.

கேள்வி: தட்டியவுடன் திரும்பாமல், ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பக்கம் திரும்புகிறது. போன் புதியது.

பதில்: முதலில் கால்குலேட்டரைத் திறந்து எண்களைத் தட்டிப் பாருங்கள். அங்கும் அதே தயக்கம் இருந்தால் காரணம் போனில். பெரும்பாலும் 'மேக்னிஃபிகேஷன்' வசதிக்கு மூன்று முறை தட்டுவது குறுக்குவழியாக வைக்கப்பட்டிருக்கும். நீங்கள் ஒருமுறை தட்டியதும், இன்னும் இரண்டு தட்டு வருமோ என்று போன் காத்திருந்துவிட்டுத்தான் அதைச் செயலிக்குக் கொடுக்கும். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி தேவையென்றால் அதை விட வேண்டாம். குறுக்குவழியை மட்டும் திரையில் வரும் அக்சஸிபிலிட்டி பொத்தானுக்கு மாற்றினால் போதும்.

கால்குலேட்டர் சரியாக இருந்து, எல்லாப் புத்தகத்திலும் தயங்கினால், பக்கம் திரும்பும் அசைவூட்டத்தை அணையுங்கள். ஒரே ஒரு புத்தகம் மட்டும் தயங்கினால் கோளாறு அந்தக் கோப்பில்தான். புத்தகம் முழுவதையும் அத்தியாயம் பிரிக்காமல் ஒரே துண்டாக ஈபப் (மின்னூல் கோப்பு வகை) செய்திருப்பார்கள். எழுத்தின் அளவை மாற்றும்போதெல்லாம் அந்தத் துண்டு முழுவதையும் செயலி மறுபடி பக்கமாக்க வேண்டியிருக்கிறது. எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுப்பதால், அதே நீளமுள்ள ஆங்கிலப் புத்தகத்தைவிடக் கோப்பு கனமாகவும் இருக்கும். கணினியில் காலிபர் மென்பொருளில் அந்த ஈபப்பை ஈபப்பாகவே ஒருமுறை மாற்றி எடுங்கள். 260 கேபிக்கு மேற்பட்ட துண்டுகளை அது தானே உடைத்துவிடும். அத்தியாயப் பட்டியல் இல்லாவிட்டால், அங்கேயே 'எடிட் டிஓசி'யில் தலைப்புகளிலிருந்து உருவாக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: இடது கைப் பழக்கம். என் கட்டைவிரல் எட்டும் இடமெல்லாம் 'முந்தைய பக்கம்' ஆகவே இருக்கிறது.

பதில்: ஆப்பிள் புக்ஸுக்கான செட்டிங்ஸில் 'போத் மார்ஜின்ஸ் அட்வான்ஸ்' என்று ஒன்று உண்டு. அதை இயக்கினால் இரண்டு பக்கமும் தட்டினால் முன்னேதான் போகும். பின்னே போக மட்டும் தள்ள வேண்டும். யோசித்துச் செய்த ஏற்பாடு. கிண்டிலில் இப்படி இல்லை, ஆண்ட்ராய்டு என்றால் ஒலிப் பொத்தான்தான் கதி. மூன் பிளஸ் ரீடரிலும் கோரீடரிலும் திரையின் எந்தப் பகுதிக்கு எந்த வேலை என்று நீங்களே பிரிக்கலாம். மூன் பிளஸ் ரீடரில் இடது ஓரத்தில் மேலும் கீழும் தேய்த்தால் திரை வெளிச்சம் மாறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இடது கைக்காரர்களுக்குப் பக்கம் திருப்பும்போதெல்லாம் திரை இருண்டு போவதற்கு அதுவே காரணம். அதை அணைத்துவிடலாம்.

கேள்வி: தமிழ் இணைய நூலகத்திலிருந்து இறக்கிய பழைய நூல்களின் பிடிஎஃப் போனில் படிக்க முடியவில்லை. பெரிதாக்கினால் பக்கம் திரும்ப மறுக்கிறது. திருப்பினால் எழுத்து பழையபடி சின்னதாகிவிடுகிறது.

பதில்: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்திலும், இலங்கையின் நூலகம் தளத்திலும் இருப்பவற்றில் பெரும்பகுதி ஸ்கேன் செய்த படங்கள். எழுத்தாக இல்லாததால் எழுத்தின் அளவை மாற்ற முடியாது. படத்தை இழுத்துப் பெரிதாக்கத்தான் முடியும். பெரிதாக்கிய படத்தின் மேல் விரலைத் தள்ளினால், படத்தை நகர்த்தச் சொல்கிறீர்கள் என்றே செயலி எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பக்கம் திரும்ப மறுக்கிறது.

விரலால் பெரிதாக்குவதையே மறந்துவிட்டு, போனைப் படுக்கவாட்டில் திருப்புங்கள். கணக்கைப் பாருங்கள்: டெமி அளவுப் புத்தகத்தின் அகலம் ஏறத்தாழ 14 செ.மீ. 6.5 அங்குல போன் நிமிர்ந்து இருக்கும்போது திரையின் அகலம் 7 செ.மீ.கூட இல்லை, எழுத்து பாதியாகச் சுருங்கிவிடும். படுக்கவாட்டில் அதே திரையின் அகலம் 15 செ.மீ. அச்சிட்ட எழுத்து அச்சிட்ட அளவிலேயே தெரியும். கூடவே, பக்கம் பக்கமாகத் திரும்பும் முறையை விட்டுத் தொடர்ந்து மேலே உருளும் முறைக்கு மாறுங்கள். அக்ரோபேட் ரீடரில் பார்வை முறைக் குறியைத் தொட்டு 'கன்டினியூஸ்' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பக்கம் மூன்று திரைக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். கட்டைவிரலால் மேலே தள்ளிக்கொண்டே போகலாம். நாவலுக்கு நாங்கள் உருளும் முறையைச் சிபாரிசு செய்ய மாட்டோம், கண் எந்த வரியில் நின்றது என்பது ஒவ்வொரு தள்ளலுக்கும் தொலைந்துபோகும். ஸ்கேன் பிடிஎஃப்புக்கு வேறு நல்ல வழியில்லை.

இன்னும் பெரிதாக வேண்டுமானால் ஓர வெள்ளையை வெட்டுங்கள். கோரீடரில் 'க்ராப்' வசதி உண்டு. தானாக வெட்டும் முறை, அழுக்குப் படிந்த பழைய தாள்களில் கறையையும் எழுத்தாக நினைத்து ஏமாறும். கையால் கட்டம் வரையும் முறையே நல்லது. ஆனால் ஒற்றைப்படைப் பக்கத்தில் தையல் ஓரம் இடப்புறம், இரட்டைப்படையில் வலப்புறம். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக் கட்டம் வரைந்தால் அடுத்த பக்கத்தில் வரியின் முதல் எழுத்துகளோ கடைசி எழுத்துகளோ போய்விடும். அடுத்தடுத்த இரண்டு பக்கங்களைப் பார்த்து, இரண்டுக்கும் பொருந்தும் அகலமான கட்டத்தைப் போடுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு, அதே நூல் எழுத்து வடிவில் மதுரைத் திட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்து நூல்கள் என்றால் ஈபப்பை எடுங்கள். பிடிஎஃப்தான் வேண்டுமென்றால் ஏ4-ஐ விட்டு 6 அங்குலத் திரைக்கென்று தனியாகப் போட்டிருப்பதை எடுங்கள்.

கேள்வி: அடிக்குறிப்பைத் தொட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டால் பழைய இடத்துக்கு வர வழி? டேப்லெட்டில் திறந்தால் அங்கும் கடைசிப் பக்கமே வருகிறது.

பதில்: ஆண்ட்ராய்டு கிண்டிலில், முதல் கேள்வியில் நாம் திட்டிய அதே 'பேக்' இங்கே கைகொடுக்கும்: ஒருமுறை கொடுத்தால் புறப்பட்ட இடம். இரண்டாவது முறை கொடுத்தால் புத்தகம் மூடிவிடும், அவசரப்படாதீர்கள். ஆப்பிள் புக்ஸில் தாவியதும் மூலையில் வளைந்த அம்புக்குறி தெரியும், அதைத் தொடுங்கள். சும்மா முன்னும் பின்னும் புரட்டிப் பார்க்க என்றால் கிண்டிலில் 2016 முதல் இருக்கும் 'பேஜ் ஃப்ளிப்' உகந்தது. நடுவில் தட்டினால் பக்கம் சுருங்கும். எவ்வளவு தூரம் புரட்டினாலும் நீங்கள் படித்துக்கொண்டிருந்த பக்கம் திரையின் ஓரத்தில் குத்திவைத்தபடி நிற்கும்.

டேப்லெட் விவகாரம் வேறு. நீங்கள் எட்டிய அதிகபட்சத் தூரத்தைக் கிண்டில் குறித்துக்கொண்டு மற்றக் கருவிகளையும் அங்கே இழுக்கிறது. 'அந்த இடத்துக்குப் போகவா' என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். தொல்லை தொடர்ந்தால் அமேசான் கணக்கில் உங்கள் புத்தகங்களை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போய், அந்த நூலுக்கு மட்டும் 'கிளியர் ஃபர்தஸ்ட் பேஜ் ரெட்' கொடுங்கள்.

கேள்வி: ஜப்பானிய மங்கா (படக்கதை) ஒன்றில் வலப்பக்கம் தட்டினால் பின்னால் போகிறது. கோப்பு பழுதா?

பதில்: பழுதில்லை. மங்கா வலமிருந்து இடமாகப் போகும், கோப்பிலும் அப்படியே குறித்திருப்பார்கள். இடப்பக்கம் தட்டுங்கள்.

கேள்வி: பக்கம் திருப்ப ப்ளூடூத் ரிமோட் வாங்கலாமா? எது நல்லது?

பதில்: வாங்கலாம். அது போனுக்கு எந்தக் கட்டளையை அனுப்புகிறது என்று கேட்டு வாங்குங்கள். செல்ஃபி எடுக்கும் சின்ன ரிமோட்டுகள் பொதுவாக ஒலி கூட்டும் பொத்தானாக நடிக்கும். ஐபோனில் படிக்க அவை உதவாது. ஆண்ட்ராய்டிலும் ஒரு சிக்கல்: ஒலி கூட்டும் பொத்தான் வழக்கமாக முந்தைய பக்கத்துக்கு, ரிமோட்டில் இருப்பது அந்த ஒரே பொத்தான். மூன் பிளஸ் ரீடர் போல, அதற்கு அடுத்த பக்கம் என்று ஒதுக்க முடிகிற செயலி வேண்டும். ரீல்ஸ், ஷார்ட்ஸ் தள்ளிப் பார்ப்பதற்கென்று விற்கும் ரிமோட்டுகள் திரையை மேலும் கீழும் தேய்ப்பது போல நடிப்பவை, உருளும் முறையில் மட்டும் பயன்படும். இரண்டு போனுக்கும் பொருந்துவது, விசைப்பலகையின் அம்புக்குறிகளை அனுப்பும் ரகம்.

அந்த ரகத்தை இணைத்திருக்கும்போது, விசைப்பலகை வந்துவிட்டது என்று நம்பி போன் திரையில் வரும் தட்டச்சுப் பலகையை மறைத்துவிடும். வாட்ஸ்அப்பில் பதில் அடிக்கப் பலகை வராவிட்டால் ரிமோட்டை அணையுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் 'பிசிக்கல் கீபோர்டு' பகுதியில் திரைப் பலகையையும் காட்டச் சொல்லும் தேர்வு இருக்கிறது.