சஷ்டி விரதமும் கீட்டோனும்: மகளுக்கு ஒரு பதில், அம்மாவுக்கு வேறு பதில்

பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வயது 31, நோய் எதுவும் இல்லை. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணீர், இரவில் ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான். நான்காம் நாள் வாயில் நெயில் பொலிஷ் அழிக்கிற மருந்து மாதிரி ஒரு வாடை. தலைசுற்றுகிறதே என்று டிஸ்பென்சரிக்குப் போனால், சிறுநீரில் பட்டியை நனைத்துப் பார்த்து ‘கீட்டோன் ரெண்டு பிளஸ்’ என்றிருக்கிறார்கள். லயத்துக்குத் திரும்புவதற்குள் ‘கிட்னி போயிருச்சாம்’ என்று பேச்சு. அம்மாவுக்கு 58 வயது, சுகருக்கு மெட்ஃபோர்மினும் கிளிக்லசைடும் போடுகிறார், அவரும் கூடவே விரதம். “நிறுத்தணுமா, தொடரலாமா? வாடை போக என்ன செய்யணும்?”

தங்கச்சி, கிட்னி பயத்தை முதலில் தூக்கிப் போடுங்கள். அந்தப் பட்டி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் உடம்பு சர்க்கரையை விட்டுவிட்டு கொழுப்பில் ஓடுகிறது. நாலு நாள் சாப்பிடாதவருக்கு கீட்டோன் வராவிட்டால்தான் நான் யோசிப்பேன்.

ஈரலில் சேர்ந்திருக்கும் சர்க்கரை ஏறக்குறைய 100 கிராம்தான். ஒரு நாள் பட்டினியில் அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஆனால் மூளை மட்டுமே நாளைக்கு 120 கிராம் அளவு குளுக்கோஸ் கேட்கும், கொழுப்பை நேராகக் கொடுத்தால் அதற்கு எரிக்கத் தெரியாது. தசையை உருக்கிச் சர்க்கரை செய்யலாம், அப்படியே போனால் கொஞ்ச நாளில் எழுந்து நடக்கக்கூட ஆள் இருக்காது. அதனால்தான் இந்த ஏற்பாடு: சாப்பாடு நின்று இன்சுலின் இறங்கியதும் உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலுக்குப் போகிறது, ஈரல் அதை வெட்டி அசிட்டோஅசிட்டேட், பீட்டா ஹைட்ரொக்ஸிபியூட்டிரேட் என்று இரண்டு சின்னத் துண்டுகளாக்கி இரத்தத்தில் விடுகிறது. இவைதான் கீட்டோன். இவை மூளைக்குள் போகும், இருதயத்துக்கும் தசைக்கும் போகும். வேடிக்கை என்னவென்றால் இதைத் தயாரிக்கிற ஈரலால் இதை எரிக்க முடியாது, அதற்கான நொதி அதனிடம் இல்லை. நல்ல கொழுந்தையெல்லாம் கிள்ளி ஃபெக்டரிக்கு அனுப்பிவிட்டு தூள் தேத்தண்ணி குடிக்கிற நம்ம ஆட்கள் மாதிரி.

1967இல் ஜோர்ஜ் கேஹில், ஒலிவர் ஓவன் என்ற அமெரிக்க மருத்துவர்களின் குழுவினர், வாரக்கணக்கில் பட்டினி இருந்தவர்களின் மூளைக்குள் போகிற இரத்தத்தையும் வெளியே வருகிற இரத்தத்தையும் ஒப்பிட்டு, மூளையின் தேவையில் பாதிக்கு மேல் கீட்டோன்தான் கொடுக்கிறது என்று காட்டினார்கள். அதுவரை கீட்டோன் என்றாலே நோயின் கழிவு என்றுதான் பெரும்பாலும் நினைத்திருந்தார்கள், லயத்தில் பேசியவர்களை ஏன் குறை சொல்வான்? பிறந்த பிள்ளையின் மூளையும் கீட்டோனை நன்றாகவே பயன்படுத்துகிறது. வலிப்பு நோய்க்கு, கீட்டோனை உண்டாக்குகிற கொழுப்புச் சாப்பாட்டை 1921இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் வைல்டர் முன்வைத்தார், மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள பிள்ளைகளுக்கு அது இன்றும் கொடுக்கப்படுகிறது. 2013க்குப் பிறகு வந்த ஆய்வுகளில், மரபணுக்கள் இயங்குவதைக் கீட்டோன் கூட்டிக் குறைக்கிறது, அழற்சியை அடக்குகிறது என்றெல்லாம் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் எலியிலும் ஆய்வுகூடத்திலும் கண்டது. அதை வைத்துக் கீட்டோன் பவுடர் விற்கிறவர்களுக்கு என் காசு போகாது.

அந்த வாடை அசிட்டோன். அசிட்டோஅசிட்டேட் தானாக உடைந்து மூச்சில் வெளியேறுவது. எனக்கு அது சின்ன வயதிலேயே பழக்கம். எங்கள் லயத்துப் பின்னால் கட்டியிருந்த பசு கன்று போட்டு மூன்றாம் வாரம் திடீரென்று புண்ணாக்கைத் தொடவில்லை, பால் பாதியாகிவிட்டது. அப்பா அதன் மூஞ்சிக்குக் கிட்டப் போய் மோந்து பார்த்துவிட்டு ‘பழம் அழுகின மாதிரி வருதே’ என்றார். மிருக வைத்தியர் வந்து கழுத்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார், இரண்டு நாளில் அது மறுபடி முட்ட ஆரம்பித்தது. புல் எவ்வளவு தின்றாலும் பசுவுக்கு வயிற்றிலிருந்து சர்க்கரை அதிகம் வராது, பாலின் இனிப்புக்கு வேண்டியதை ஈரல்தான் செய்து தரவேண்டும். பால் கூடி தீனி போதாதபோது கொழுப்பு மளமளவென்று கரையும், கீட்டோன் அளவு மீறும். மனுசருக்கும் இது பொருந்தும், அதனால் பால் கொடுக்கிற தாய்மாரும் கர்ப்பிணிகளும் இந்தத் தண்ணீர் விரதத்துக்கே வரவேண்டாம்.

சரி, உங்கள் கதை. சாப்பிட்டவருக்கு ஒரு லீட்டர் இரத்தத்தில் கீட்டோன் 0.5 மில்லிமோலுக்குக் கீழே. நாலைந்து நாள் பட்டினியில் 3, 4, அதற்கு மேலும் போகலாம். இன்சுலின் கொஞ்சமாவது சுரக்கிற உடம்பு அதை ஓரளவுக்கு மேல் ஏறவிடாது. தலைசுற்றலுக்குப் பெரும்பாலும் காரணம், பட்டினியின் முதல் நாட்களில் உப்பும் நீரும் சிறுநீரில் அதிகம் போவது. விரதம் இடம் கொடுத்தால் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள், மலையில் ஏறிக் கொழுந்து எடுக்கிற வேலையை அந்த நாட்களில் விடுங்கள். அப்புறமும் சுற்றினால், மயக்கம் வந்தால், விரதத்தை முடித்துக்கொள்ளுங்கள், முருகன் கோபிக்க மாட்டார். பிளஸ் கணக்கையும் ரொம்ப நம்பவேண்டாம். தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீர் தடித்து நிறம் கூடிக் காட்டும், அதோடு அந்தப் பட்டிக்கு அசிட்டோஅசிட்டேட்தான் தெரியும், இரத்தத்தில் அதைவிட அதிகமாக இருக்கிற பீட்டா ஹைட்ரொக்ஸிபியூட்டிரேட்டைத் தெரியாது.

அம்மா விசயத்தில் நான் இவ்வளவு லேசாகப் பேசமாட்டேன். கிளிக்லசைட் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவைக்கிற மாத்திரை. சாப்பிடாமல் அதைப் போட்டால் சர்க்கரை சரியும், அதே இன்சுலின் கொழுப்பு கரைவதையும் தடுத்துவிடும், அப்போது மூளைக்கு குளுக்கோஸும் இல்லை, கீட்டோனும் இல்லை. வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் விரதம் பார்க்காமல் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள், நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மாத்திரையை எப்படி மாற்றுவது என்பதை க்ளினிக்கில் கேட்டுத்தான் செய்யவேண்டும், நீங்களாக நிறுத்துவதும் தப்பு. அதுவரை அம்மா ஒரு நேரமாவது கஞ்சியோ பழமோ சாப்பிடட்டும்.

தோட்டத்தில் வேறு யாராவது இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் விரதம் இருந்தால் அவர்களுக்கு எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. ‘சாப்பிடலையே’ என்று ஊசியை விட்டால், கீட்டோனை அடக்க எதுவும் இல்லாமல் இரத்தம் புளித்துவிடும். வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக வேகமாக இழுக்கிற மூச்சு, அரைத்தூக்கம் என்று கண்டால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. பெயர் ‘ஃப்ளோசின்’ என்று முடிகிற சுகர் மாத்திரை போடுகிறவர்களுக்குச் சுகர் அவ்வளவு ஏறாமலேயே இது வரலாம், மெஷினில் நம்பர் நல்லா இருக்கிறதே என்று ஏமாந்துவிடுவார்கள்.

வாடைக்கு ஏலக்காய், கராம்பு மெல்லலாம், கொஞ்சம் மறைக்கும், போகாது. அது பல்லிலிருந்து வரவில்லை, நுரையீரலிலிருந்து வருகிறது. பாறணைக்கு முதலில் கஞ்சி மாதிரி லேசாகச் சாப்பிடுங்கள், அடுத்த நாள் அநேகமாக வாடையே இருக்காது.