இங்கிலாந்து முன்னோரின் அப்பா அம்மாவைத் தேடுவது: கேள்வி பதில்

கேள்விகள் நிறைய வந்துவிட்டன. இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேடுகள் வரைக்கும்தான் நான் தைரியமாகப் பேசுவேன். தேடுவதற்குச் சுவையான கேள்விகளுக்கு நீளமாக எழுதுகிறேன், மற்றவற்றுக்குச் சுருக்கமாக.

கேள்வி: அக்கா, என் மனைவி பர்மிங்காம்காரர். அவருடைய முன்னோர் ஒருவர், பெயர் வில்லியம், 1841 சென்சஸில் 40 வயது, 1851இல் 53 வயது. 1851இல் பிறந்த ஊரும் இருக்கிறது, ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரு கிராமம். அந்தக் கிராமத்துத் தேவாலயப் பதிவேட்டில் 1798இல் அதே பெயரில் ஒரு ஞானஸ்நானம், பெற்றோர் பெயரோடு. கிடைத்துவிட்டார்கள்தானே?

இன்னும் இல்லை. வயது முரண்படவில்லை, அதில் கவலை வேண்டாம். 1841இல் பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், அதனால் 40 என்றால் 40 முதல் 44 வரை எதுவும் இருக்கலாம். ஊரும் பொருந்துகிறது. ஆனால் பெயரும் ஊரும் வருடமும் பொருந்தினால் அவர் உங்களுடையவராக இருக்கக்கூடிய ஒருவர், அவ்வளவுதான்.

முதல் வேலை, அதே தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டைத் திறப்பது. அந்தக் குழந்தை பிழைத்ததா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் ஏராளமான குழந்தைகள் ஐந்து வயதைத் தாண்டவில்லை, ஒரு குழந்தை இறந்தால் அடுத்து பிறந்ததற்கு அதே பெயரை வைப்பதும் சாதாரணம். இதைப் பார்க்காமல் குடும்ப மரம் வரைந்தவர்கள், இரண்டு வயதில் புதைக்கப்பட்ட குழந்தைக்குப் பேரன் பேத்தி எழுதிவைத்திருப்பதை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

அடுத்து, சுற்றியுள்ள ஐந்தாறு மைலில் இருக்கும் தேவாலயங்கள் எல்லாவற்றிலும் அதே பெயரைத் தேடுங்கள். சென்சஸில் தான் வளர்ந்த ஊரைப் பிறந்த ஊராகச் சொன்னவர்கள் உண்டு. இன்னொரு வில்லியம் இருந்தால் அவர் எங்கே திருமணம் செய்தார், எங்கே இறந்தார் என்று பின்தொடர்ந்து அவரை விலக்கிய பிறகுதான் உங்களுடையவரிடம் திரும்பிவர வேண்டும்.

1798 பதிவில் 'இன்னாருக்கும் மேரிக்கும் மகன்' என்பதோடு நின்றிருக்கும். அச்சடித்த படிவம் 1813 ஜனவரியில்தான் வந்தது, அதில் ஊரும் தகப்பன் தொழிலும் உண்டு. அந்தப் பெற்றோருக்கு 1813க்குப் பிறகு கடைசிக் குழந்தை ஏதாவது பிறந்ததா என்று பாருங்கள், அந்த ஒரு வரியில் குடும்பத்தின் தொழில் தெரிந்துவிடும். இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. 1837 ஜூலை 1 முதல் அரசாங்கப் பதிவு தொடங்கியது, திருமணச் சான்றிதழில் இருவரின் தகப்பன் பெயரும் தொழிலும் எழுதுவார்கள். உங்கள் வில்லியம் மனைவியை இழந்து அதற்குப் பிறகு மறுமணம் செய்திருந்தால் அவருடைய அப்பா பெயர் அதில் நேராகக் கிடைக்கும். அவர் செய்யாவிட்டாலும் தம்பியோ தங்கையோ தாமதமாகத் திருமணம் செய்திருக்கலாம். கூடவே உயில்களையும் பாருங்கள். 1858 ஜனவரி 12க்கு முன் உயில் நிரூபித்தவை திருச்சபை நீதிமன்றங்கள், அதனால் லிச்ஃபீல்டு மறைமாவட்ட உயில்களிலிருந்து தொடங்குங்கள். பெற்றோர் ஏழை என்றாலும் பிள்ளையில்லாத பெரியப்பா ஒருவர் உயிலில் எல்லோர் பெயரையும் எழுதியிருக்கலாம்.

கேள்வி: திருமணச் சான்றிதழில் அம்மா பெயர் ஏன் இல்லை?

2021 மே 4 வரை அப்படித்தான், தகப்பன் பெயர் மட்டும். தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் பிறப்புச் சான்றிதழில் கிடைக்கும். பிறப்புகளின் பழைய அச்சு அட்டவணையில் அது 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் உண்டு. பதிவுத் துறையின் புதிய இணைய அட்டவணையில் 1837இலிருந்தே போட்டிருக்கிறார்கள்.

கேள்வி: என் கணவரின் பாட்டனாருடைய திருமணச் சான்றிதழில் தகப்பன் கட்டம் வெறுமையாக இருக்கிறது. இத்தோடு முடிந்ததா?

முடியவில்லை. தாய் திருமணம் ஆகாமல் பெற்ற பிள்ளையாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கட்டத்தை நிரப்ப இல்லாத அப்பா ஒருவரை எழுதியவர்களும் உண்டு, அதனால் நிரம்பிய கட்டத்தையும் அப்படியே நம்பாதீர்கள். பிள்ளையின் நடுப்பெயர் ஒரு குடும்பப் பெயர் மாதிரி இருந்தால் அது தகப்பனைச் சுட்டலாம். 1834க்கு முன் என்றால், பிள்ளை ஊர்ச் செலவில் வந்து விழக் கூடாது என்று தாயை விசாரித்துத் தகப்பனிடம் பத்திரம் எழுதி வாங்குவார்கள், அந்தக் காகிதங்கள் கவுண்டி (மாவட்ட) ஆவணக் காப்பகத்தில் இருக்கும். 1844க்குப் பின் தாயே உள்ளூர் நீதிபதிகளிடம் ஜீவனாம்சம் கேட்கலாம், உள்ளூர்ச் செய்தித்தாளில்கூட வந்திருக்கும். அந்தப் பெண்களைப் பற்றி எழுதும்போது மரியாதையாக எழுதுங்கள்.

கேள்வி: பெற்றோர் திருமணம் 1731 ஜூன். குழந்தையின் ஞானஸ்நானம் 1731 ஜனவரி. அப்படியானால்?

அப்போது வருடம் மார்ச் 25இல் பிறந்தது. அந்த ஜனவரி நம் கணக்கில் 1732. ஏழு மாதம், அன்றைக்கு அது சகஜம். 1752க்கு முந்தைய ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தேதி எதைக் கண்டாலும் இதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: முதல் மகனுக்குத் தகப்பனின் அப்பா பெயரை வைப்பது ஆங்கிலேய வழக்கம். எங்கள் முன்னோரின் மூத்த மகன் தாமஸ். எனவே முன்னோரின் அப்பா தாமஸ். சரிதானே?

சரியில்லை. சில குடும்பங்களில் அந்தப் பழக்கம் உண்டு, இங்கிலாந்து முழுவதற்குமான விதி கிடையாது.

இடையில் இன்னொருவர்: அக்கா, இதை ஒரேயடியாகத் தள்ளுவது நியாயமா? நம் ஊரில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம், எங்கள் வீட்டில் ஐந்து தலைமுறையாக இரண்டே பெயர்கள். கிராமத்து மக்கள் எங்கேயும் பழக்கத்தை விடமாட்டார்கள்.

நம் வீட்டு வழக்கத்தை வைத்து 18ஆம் நூற்றாண்டு ஷ்ராப்ஷயரை அளக்க முடியாது. அங்கே ஞானப்பெற்றோர் பெயரை வைத்தார்கள், ராஜா பெயரை வைத்தார்கள், தாயின் அப்பா பெயரையும் வைத்தார்கள். ஜான், வில்லியம், தாமஸ் என்ற சில பெயர்களுக்குள்ளேயே ஊர் ஆண்களில் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள், அப்போது தற்செயலாகவே பெயர் பொருந்தும்.

அதே நபர்: அப்படியானால் பெயர் வழக்கத்துக்கு மதிப்பே இல்லை என்கிறீர்கள்.

மதிப்பு உண்டு, எங்கே முதலில் தேடுவது என்று முடிவு செய்ய. பொருந்தக்கூடிய இருவரில் ஒருவரின் தந்தை தாமஸ் என்றால் அவரிடமிருந்து தொடங்குங்கள். கெசாயா மாதிரி அரிய பெயர் ஒன்று மூன்று தலைமுறையில் திரும்பத் திரும்ப வந்தால் நானே நிமிர்ந்து உட்காருவேன். ஆனால் தாமஸை வைத்து அப்பாவை முடிவு செய்யாதீர்கள். அந்தத் தாமஸ் மூத்த மகன்தான் என்று எப்படித் தெரியும்? அவனுக்கு முன் பிறந்து வேறு தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை இருக்கலாம். இதைப் பற்றி மேலும் ஒன்பது பேர் எழுதியிருக்கிறீர்கள், எல்லோருக்கும் இதுவே பதில்.

கேள்வி: பெரம்பூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் எங்களுடையது. 1820களில் சென்னைக்கு வந்த சிப்பாய் ஒருவரிடமிருந்து வந்தோம் என்பார்கள். இங்கிலாந்தில் அவருடைய பெற்றோரைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், முதலில் அவர் யாருடைய சிப்பாய் என்று தெரிய வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையா, அரசரின் ரெஜிமெண்டா? அரசரின் படை என்றால் ஓய்வூதியத்தோடு விடுபட்டவர்களின் காகிதங்கள் லண்டன் கியூவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, பிறந்த ஊர் அதில் உண்டு. கம்பெனி என்றால் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள், கப்பலேறியவர் பட்டியலும் படைப் பட்டியல்களும் அங்கேதான். அவர் அதிகாரியாக இருந்திருந்தால் கேடட் (பயிற்சி அதிகாரி) விண்ணப்பத்தோடு ஞானஸ்நானச் சான்றே இணைத்திருப்பார்கள்.

சென்னைத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன, அதே நூலகத்தில் சென்னை மாகாணத்துக்குத் தனி வரிசை இருக்கிறது. கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் தேவாலயம் 1680இல் அர்ப்பணிக்கப்பட்டது, உங்கள் குடும்பத் திருமணம் அங்கேயோ வேறு ராணுவத் தேவாலயத்திலோ நடந்திருக்கலாம். திருமணப் பதிவில் ரெஜிமெண்ட் பெயர் இருந்தால் அதுதான் உங்களுக்கான கதவு. அவர் மனைவி இந்தியப் பெண்ணாக இருந்தால் ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் மட்டும் எழுதியிருக்கக்கூடும், அந்தப் பெயரை விட்டுவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள். அவரும் உங்கள் மூதாய்.

கேள்வி: எங்கள் குடும்பப் பெயருக்கான சின்னம் என்று கேடயம் போட்ட படம் விற்கிறார்கள். அதை வைத்துப் பெற்றோரைத் தேடலாமா?

முடியாது, வாங்காதீர்கள். சின்னம் ஒரு மனிதருக்கும் அவர் வாரிசுக்கும் வழங்கப்பட்டது, குடும்பப் பெயர் கொண்ட எல்லோருக்கும் அல்ல.

கேள்வி: எந்தத் தேவாலயத்திலும் குழந்தைகளின் ஞானஸ்நானம் இல்லை, பெற்றோர் திருமணம் மட்டும் இருக்கிறது.

மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் போன்ற தனிச் சபையினராக இருக்கலாம். 1754 முதல் 1837 வரை குவேக்கர் சபையினரும் யூதர்களும் தவிர எல்லோரும் ஆங்கிலிக்கன் (அரசுத் திருச்சபை) தேவாலயத்தில்தான் மணக்க வேண்டும், பிள்ளைகளைத் தங்கள் சபையில் பதிவு செய்தார்கள். அந்தச் சபைப் பதிவேடுகளில் பெரும்பகுதி கியூவில் இருக்கிறது, இணையத்திலும் தேடலாம்.

கேள்வி: ஸ்காட்லாந்து?

1855 முதல் அங்கே இறப்புப் பதிவிலேயே தாய் தந்தை இருவர் பெயரும் உண்டு. மற்றதை ஸ்காட்லாந்து தெரிந்தவரிடம் கேளுங்கள்.

பர்மிங்காம் கேள்வி கேட்டவர் மறுபடியும்: அடக்கப் பதிவேட்டைப் பார்த்தேன். 1800இல் அதே பெயரில் 'கைக்குழந்தை' என்று ஒரு வரி, தகப்பன் பெயரும் அதேதான்.

நன்றி, இப்படித் தேடிவிட்டு வந்து சொல்பவர்கள் குறைவு. அந்தப் பெற்றோருக்கு 1800க்குப் பின் இன்னொரு வில்லியம் பிறந்தானா பாருங்கள், ஆனால் அவனுக்கு 1851இல் 53 வயது வராது. பக்கத்து ஊர்களுக்குப் போங்கள். 1754க்குப் பிந்தைய திருமணம் என்பதால் உங்கள் வில்லியத்தின் திருமணப் பதிவில் சாட்சிகள் கையெழுத்திட்டிருப்பார்கள், அந்தப் பெயர்களை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.

கேள்வி: ஓர் இணையதளத்தில் வேறொருவர் போட்ட குடும்ப மரத்தில் பெற்றோர் இருக்கிறார்கள். அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

இந்தக் கேள்வி வருவது நாலாவது முறை. எடுக்கக் கூடாது. அவர் எந்தப் பதிவேட்டின் எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த மரம் வெறும் ஊகம். நாற்பது பேர் அதையே நகலெடுத்திருந்தாலும் ஊகம்தான்.

கேள்வி: தட்டச்சு செய்த பட்டியல் போதுமா, பக்கத்தின் படம் வேண்டுமா?

படம். பட்டியல் எழுதியவர் விட்டுவிட்ட ஓரக் குறிப்பு அதில் இருக்கும்.

கேள்வி: 1931 சென்சஸில் என் மாமனாரின் பெற்றோரைத் தேட வேண்டும்.

அது 1942இல் தீயில் எரிந்துவிட்டது. 1941இல் சென்சஸ் எடுக்கவில்லை. 1921 சென்சஸையும், போர் தொடங்கியதும் எடுத்த 1939 செப்டம்பர் பதிவேட்டையும் பாருங்கள், 1939இல் பிறந்த தேதியே இருக்கும்.