தண்டனை அதிகம் என்று மட்டும் சொல்லி மேல்முறையீடு செய்யலாமா? செய்தால் தண்டனையைக் கூட்டிவிடுவார்களா?

தாராளமாகச் செய்யலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர்கூட அதன் அளவை எதிர்த்து மேல்முறையீடு செய்யச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் வீட்டில் யாரோ விபத்து வழக்கில் மாட்டியிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

என் தம்பி லாரி ஓட்டுநர். சொந்த ஊர் நாமக்கல் பக்கம். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் மாஜிஸ்திரேட் ஓராண்டு சிறை விதித்தார். அதில் உச்சபட்சமே 2 ஆண்டுதான். (அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் 5 ஆண்டு.) அதற்கு வெகு முன்பே ஊர் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது: “குடித்திருப்பான்.” குடிக்கவில்லை, மருத்துவச் சான்று வழக்குக் கட்டிலேயே இருந்தது. இறந்தவர் குடும்பத்தின் இழப்பை நான் மறந்துவிட்டேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். மேல்முறையீட்டில் அவன் குற்றமற்றவன் என்று நாங்கள் வாதாடவே இல்லை.

பக்கம் பக்கமாக இருந்த தீர்ப்பில், ஏன் ஓராண்டு என்பதற்கு மட்டும் நாலே வரி. “எதிரியின் வேண்டுகோள் பரிசீலிக்கப்பட்டது, குற்றத்தின் தன்மையைக் கருதி” என்று (கோர்ட்டு மொழியில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்) தொடங்கி அங்கேயே முடிந்துவிட்டது. எங்கள் வழக்கறிஞர் அந்த வரிகளின் கீழ் பென்சிலால் கோடிழுத்து, “பிடி இங்கேதான் இருக்கிறது” என்றார். முன்வழக்கு இல்லை, அவன் ஓடிப்போகவில்லை, அடிபட்டவரை ஆட்டோவில் தூக்கி ஏற்றியதே அவன்தான் என்று அரசுத் தரப்புச் சாட்சியே குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டிருந்தார். இதில் ஒன்றுகூடத் தண்டனைப் பத்தியில் இல்லை. அமர்வு நீதிமன்றம் ஓராண்டை 3 மாதமாக்கி, அந்தக் குடும்பத்துக்கு இழப்பீடும் கொடுக்கச் சொன்னது.

‘குடும்பக் கஷ்டம்’ என்று அழுதால் போதும் என நினைக்காதீர்கள். பஞ்சாப் விபத்து வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் ஓராண்டை, அதுவரை சிறையில் கழித்த 24 நாளாகச் சுருக்கியது. 2015இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் 6 மாதமாக்கியது.

கூட்டிவிடுவார்களா என்ற பயத்துக்கு வருகிறேன். தண்டனை பெற்றவர் போட்ட மேல்முறையீட்டில் கூட்டச் சட்டம் அனுமதிக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலிருந்து போன வழக்கில் 2025இலும் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. வழக்கறிஞர்கள் சண்டைக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்: தண்டனை போதாது என்று அரசு தனியாக மேல்முறையீடு செய்தால் கதை வேறு. அப்போதும் உங்கள் தரப்பைக் கேட்காமல் கூட்ட முடியாது.

இத்தனை நடந்தும் வண்டி முதலாளி ஒரு வாய்தாவுக்கும் எட்டிப் பார்க்கவில்லை. ராத்திரி முழுக்க ஓட்டச் சொல்வார், டீசல் கணக்கைப் பைசா பைசாவாகக் கேட்பார், வழக்கு என்றதும் போனை எடுக்க மாட்டார். நெடுஞ்சாலையில் சுங்கம் வாங்க இடம் இருக்கிறது, லாரியை ஓரங்கட்டி ஒரு மணி நேரம் கண்ணயர இடம் இல்லை. இதற்கு எவர்மேல் வழக்குப் போடுவது?

மாஜிஸ்திரேட் தீர்ப்பு என்றால் 30 நாளுக்குள் அமர்வு நீதிமன்றம் போக வேண்டும். சிறைத் தண்டனை என்றால் தீர்ப்பு நகல் இலவசம், உடனே கேட்டு வாங்குங்கள். தண்டனை பெற்றவர் ஜாமீனில் இருந்து, தண்டனை 3 ஆண்டைத் தாண்டாவிட்டால், மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொல்லித் தண்டனையை நிறுத்திவைக்கத் தீர்ப்பு நாளன்றே அதே நீதிமன்றத்தில் மனுப் போடலாம். ஜாமீன்தாரர்கள் இருவரையும் காலையிலேயே அழைத்துப் போய்விடுங்கள்.