டிடிஎச் ரெக்கார்டரில் வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டலாமா? மாட்டினால் பதிவுகள் பத்திரமாக இருக்குமா?

மாட்டலாம். இரண்டாவது கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

ரெக்கார்டர் பெட்டியில் இடம் நிரம்பிவிட்டது, பின்னால் ஒரு யுஎஸ்பி துளை சும்மா இருக்கிறது, பழைய பதிவுகளை அழிக்க மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "மனமில்லை"தான் என்னை இழுத்தது. உங்கள் வீட்டு ஆள் யாரோ அதில் ஒரு நிகழ்ச்சியில் வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். சீரியலுக்காக யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள்.

முதலில் மின்சாரம். எல்லோரும் எத்தனை டிபி என்று பார்க்கிறார்கள், இதை யாரும் பார்ப்பதில்லை. யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரவேண்டும் என்பது விதி. கையடக்க ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்த நொடியில் அதற்கு மேல் இழுக்கும். பெட்டியால் கொடுக்க முடியாது. டிஸ்க் எழும், விழும், மறுபடி எழும். பெட்டியோ யுஎஸ்பி எதுவும் இல்லை என்று சொல்லும். டிஸ்க் பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தனி அடாப்டரோடு வரும் யுஎஸ்பி ஹப் (ஒரு துளையைப் பல துளைகளாக்கும் சின்னப் பெட்டி) ஒன்றை நடுவில் போடுங்கள், அல்லது சொந்த அடாப்டர் உள்ள பெரிய டிஸ்க்காக வாங்குங்கள். பென் டிரைவ் வேண்டாம். ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கிற வேலையை அது அதிக நாள் தாங்காது.

இடக் கணக்கு எளிது. எச்டி சேனல் நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 3.6 ஜிபி. 500 ஜிபி டிஸ்க்கில் 130 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். சாதாரண சேனல் என்றால் அதைப்போல நாலு மடங்கு. ஆகவே 4 டிபி, 5 டிபி என்று போகத் தேவையே இல்லை. 2 டிபிக்கு மேற்பட்டதைப் பல பெட்டிகள் ஏற்பதும் இல்லை.

மாட்டியதும் பெட்டி டிஸ்க்கை ஃபார்மட் செய்யக் கேட்கும். சரி என்று அழுத்தினால் அதில் இருந்த அத்தனையும் போய்விடும். கல்யாண போட்டோ இருக்கும் டிஸ்க்கைத் தயவுசெய்து மாட்டாதீர்கள், புதிதாக ஒன்று வாங்குங்கள்.

இனி என் கதை. என் மாமியார் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிக் காப்பாற்றிய நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில், அப்படி ஒரு பழைய ரகமான மாப்பிள்ளைச் சம்பா விதை 2 கிலோ வாங்கி வந்தார். 2 கிலோ வாங்கினால் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும், அங்கே அதுதான் வழக்கம். அத்தை சொன்னபடி தந்தார். பிறகு மூன்று மா நிலத்தில் அதையே போட்டார். 160 நாள் பயிர், ஆள் உயரம் வளரும். 2018 பொங்கலுக்கு முன்னால், கதிர் முற்றிச் சாய்ந்திருந்த நேரத்தில், பொதிகையிலிருந்து (இப்போது டிடி தமிழ்) விவசாய நிகழ்ச்சிக்குப் படம் எடுக்க வந்தார்கள். அத்தை வரப்பில் நின்றுகொண்டு, ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து, ஊதிக் காட்டிப் பேசினார். மொத்தம் 22 நிமிஷம்.

ஒளிபரப்புக்கு முந்தின நாள் நான் திருச்சியிலிருந்து டிஸ்க்கோடு பஸ் ஏறினேன். மாட்டினால் டிக், டிக் என்று சத்தம் வருகிறது, எழும்பவில்லை. "பல்லி சொல்லுது மாப்பிள்ளை, நல்ல சகுனம்தான்" என்றார் அத்தை. நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் அல்ல, மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறவன். ராத்திரி பதினொரு மணிவரை உட்கார்ந்து தேடித்தான் மேலே சொன்ன மின்சார விஷயத்தைக் கண்டுபிடித்தேன். விடிந்ததும் மன்னார்குடிக்குப் போய், மூன்றாவது கடையில் ஹப் கிடைத்து, மத்தியானத்துக்குள் மாட்டினேன். பச்சை விளக்கு அணையாமல் நின்றது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போதும் மறைக்க மாட்டேன்.

பத்து மாதம் அந்தப் பதிவு ஓடியது. யார் வந்தாலும் அத்தை ரிமோட்டை என் மச்சினன் மகனிடம் கொடுத்துவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்காருவார்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். ஓடு பறந்தது, தென்னை போனது, டிஷ் எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. பெட்டிக்குள் தண்ணீர். கரண்ட் வரவே பல நாள் ஆயிற்று. பிறகு டெக்னீஷியன் வந்து புது டிஷ், புதுப் பெட்டி, புது கார்டு எல்லாம் வைத்துவிட்டுப் பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை, அந்த வாரம் அவருக்கு எத்தனை வீடோ. டிஸ்க் மட்டும் பீரோவில் துணிக்கு நடுவே இருந்ததால் பிழைத்துக்கொண்டது. எனக்கு அது போதும் என்றிருந்தது. ஊருக்குப் போய் மாட்டினேன். ஃபார்மட் செய்யவா என்று கேட்டது.

கம்ப்யூட்டரில் போட்டேன், அதுவும் அதையே கேட்டது. இரண்டுக்கும் வேண்டாம் என்று அழுத்திவிட்டுக் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். அப்போதுதான் தெரிந்தது. பெட்டி எதைப் பதிந்தாலும் பூட்டித்தான் வைக்கிறது. பூட்டு டிஸ்க்கில், சாவி பெட்டிக்குள். பெட்டி போனால் சாவி போயிற்று. அதே கம்பெனி, அதே மாடல், அதே கணக்கு என்றாலும் வேறு பெட்டி திறக்காது. பழைய பெட்டியைத் திருப்பித் தாருங்கள், நான் ரிப்பேர் செய்துகொள்கிறேன் என்றேன். அது குடோனுக்குப் போய்விட்டதாம். நான்கு தடவை கேட்டேன், நான்கு தடவையும் அதே பதில்.

கம்பெனி பெயர் வேண்டாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். பெட்டிக்குப் பணம் கட்டியது நான், டிஸ்க் வாங்கியது நான், மாதா மாதம் சந்தா கட்டுவதும் நான். என் அத்தையின் குரலுக்கு மட்டும் சாவி அவர்களிடமா? எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் அதே பெட்டி பொருந்த வேண்டும், பொதுவான யுஎஸ்பி இணைப்பு இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் அரசுக்குப் பரிந்துரை செய்தது. எங்கள் பரணில் இன்றைக்கும் எதற்கும் உதவாத பெட்டி இரண்டு கிடக்கிறது.

"பதிப்புரிமைக்காகத்தானே பூட்டுகிறார்கள்" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். தெரியும். சினிமாவைப் பூட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் பதிந்துவைத்துப் பிறகு பார்ப்பது தவறில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1984இல் சோனியின் பீட்டாமேக்ஸ் வீடியோ ரெக்கார்டர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அது நமக்குச் சட்டம் ஆகாது, சரி. ஆனால் நியாயம் ஒன்றுதானே? "யூடியூபில் தேடியிருக்கலாமே" என்பவர்களுக்கு: ஒரு மாதம் தேடினேன், அத்தை வந்த அந்த ஒரு பகுதி இல்லை.

இன்னொரு மனக்குறையும் இருக்கிறது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு அத்தைக்கு அத்தனை போன் வந்தது. பதினேழு பேர் நேரில் வந்து விதை வாங்கிப் போனார்கள். அத்தை காசு வாங்கவில்லை, அடுத்த வருஷம் இரண்டு மடங்காகக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னார். ஒருவர்கூடக் கொண்டுவந்து தரவில்லை. கஜாவில் எங்கள் விதைக் கோட்டை (வைக்கோலில் பொதிந்து கட்டிய விதை நெல்) நனைந்து முளைத்துப்போனபோது அதில் நான்கு பேரைக் கூப்பிட்டுக் கேட்டோம். சமைத்துச் சாப்பிட்டுவிட்டதாக ஒருவர் சொன்னார். புயல் அடித்து இருபதே நாளில், டிசம்பர் 6ஆம் தேதி, நெல் ஜெயராமனும் போய்விட்டார். அத்தை அன்று முழுக்க அடுப்பு பற்றவைக்கவில்லை.

சரி, உங்கள் விஷயம். டிஸ்க்கைத் தாராளமாக மாட்டுங்கள், இன்று பதிந்து ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதற்கு அது நல்ல ஏற்பாடு. எதை அழிக்க மனமில்லையோ அதை இன்றைக்கே பெட்டியை விட்டு வெளியே கொண்டுவாருங்கள். பெட்டியின் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று ஏவி துளைகள் இருக்கிறதா பாருங்கள். அதில் ஒயர் கொடுத்து, யுஎஸ்பி கேப்சர் குச்சி (டிவி படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் சின்னக் கருவி) வழியாகக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பதியலாம். குச்சி சில நூறு ரூபாய்தான். படம் கொஞ்சம் மங்கும், ஆனால் பூட்டு இருக்காது. பெட்டி பழுதானால் எக்ஸ்சேஞ்சுக்கு ஒப்புக்கொள்ளும் முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள், பாதி நேரம் கோளாறு அதில்தான்.

எங்களுக்கு மிஞ்சியது மச்சினன் மகன் போனில் டிவியைப் பார்த்து எடுத்த 3 நிமிஷம். ஃபேன் சத்தம், ஓரத்தில் ஜன்னல் வெளிச்சம். திரையில் அத்தை கதிரை ஊதுகிறார். போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தையின் குரலும் அதில் விழுந்திருக்கிறது: "இன்னும் கொஞ்சம் சத்தமா வைடா, பதர் பறக்குற சத்தம் கேக்கும்."