அந்தத் திட்டை ஏன் அழித்தீர்கள்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வேலைக்காகப் புது ஊருக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. பேச ஆள் இல்லை. காலையில் பூங்காவுக்குப் போய்வருவதுதான் ஒரே ஆறுதல். அங்கே சாம்பல் அணில்களுக்கு நடுவில் ஒரு வெள்ளை அணிலைப் பார்த்தேன். தினமும் காத்திருந்து படமெடுத்தேன்; ஒன்றை இணைத்திருக்கிறேன். இது அல்பினோவா? என்ன லென்ஸ் வாங்கலாம்? கடலை போட்டுப் பக்கத்தில் வரவழைக்கலாமா? தலையில் அழுக்குப் போல இருந்த ஒரு திட்டை மட்டும் கணினியில் துடைத்துவிட்டேன். வெண்மையையும் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்,

‘பேச ஆள் இல்லை’ என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். புது ஊரில் ஓர் அணிலைப் பார்க்கவென்றே தினமும் எழுந்து போகிறீர்கள். அதை விட்டுவிடாதீர்கள். குளிர் வந்தாலும் மழை வந்தாலும் போங்கள்.

லென்ஸ் விஷயத்தை என்னிடம் கேட்காதீர்கள், இருப்பதை வைத்து எடுங்கள். கடலை வேண்டவே வேண்டாம். அந்த வெள்ளை உடம்போடு அது திறந்த புல்வெளிக்கு இறங்கினால் பருந்தின் கண்ணுக்கு அதுதான் முதலில் படும். உங்கள் படத்துக்காக அது உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

அல்பினோவா என்பதற்குக் கண்ணைப் பார்க்க வேண்டும். உடம்புக்கு நிறம் தரும் மெலனின் என்ற பொருளே இல்லையென்றால் கண் இளஞ்சிவப்பாகத் தெரியும். உள்ளே ஓடும் ரத்தத்தின் நிறம் அது. கண் கருப்பாக இருந்தால் அது வேறு வகை வெள்ளை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஆல்னி என்ற ஊரில் இருக்கும் வெள்ளை அணில்கள் அல்பினோக்கள். சாலையில் அவற்றுக்கு வழிவிட வேண்டும் என்று அந்த ஊரில் சட்டமே உண்டு. வடக்கு கரோலினாவில் பிரெவர்ட் என்ற ஊரின் வெள்ளை அணில்களுக்கோ கருங்கண். அப்புறம், அவற்றில் பலவற்றின் தலையில் ஒரு சாம்பல் திட்டு இருக்கும்.

திட்டு! நீங்கள் ‘அழுக்கு’ என்று துடைத்துப் போட்டீர்களே, அதே இடத்தில்.

அது அழுக்கு என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்த அணில் யார் என்று சொல்லக்கூடிய அடையாளம் அதன் உடம்பில் ஒன்றிரண்டுதான் இருந்திருக்கும். அதில் ஒன்றை நீங்களே அழித்துவிட்டு, இது என்ன அணில் என்று என்னிடம் கேட்கிறீர்கள். கோபப்படாமல் என்ன செய்வது?

உங்கள் கடிதம் வந்த நேரம் நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2019இல் மலபார் மலையணிலின் படங்கள் உலகமெல்லாம் சுற்றின. அவற்றில் நிறத்தைக் கூட்டிய ஒன்றை யாரோ மறுபடியும் எனக்கு அனுப்பி, ‘ஊதா அணில் பார்த்திருக்கிறீர்களா’ என்று கேட்டிருந்தார். கருஞ்சிவப்பும் கருப்பும் வெளிர்மஞ்சளும்தான் அதன் நிறங்கள். அவையே போதுமான அழகு. அந்த அழகு போதாது என்று நினைக்கிற மனம்தான் எனக்குப் பிடிபடவில்லை.

ஒருமுறை டொரண்டோவில் நண்பர் ஒருவரோடு பூங்காவில் நடந்துகொண்டிருந்தேன். அங்கே கருப்பு அணில்கள் சாதாரணம், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் ஒன்றின் பின்னாலேயே அலைந்தேன். அது ஒரு கிளையில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தபோது வாலின் ஓரத்தில் துரு போல ஒரு செம்பழுப்பு எரிந்தது. நிழலுக்குப் போனதும் பழையபடி கருப்பு. அந்த வெயிலிலேயே எடுத்துவிட்டேன். அன்றிரவு நண்பர், ‘கருப்பு அணில்னா கருப்பா இருக்க வேணாமா’ என்று கணினியில் அதை மை போல ஆக்கிவிட்டார். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

ஏனென்றால் அந்தத் துருநிறத்தில் ஒரு குடும்பக் கதையே இருக்கிறது. சாம்பல் அணிலின் முதுகில் ஒரு முடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது சாம்பல் நிறமே இல்லை. கருப்பு, பழுப்பு, நுனியில் வெள்ளை என்று பட்டை பட்டையாக இருக்கும். தள்ளி நின்று பார்க்கும் நமக்குத்தான் அது சாம்பல். நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்றில் 24 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டுப் போனால் இந்தப் பட்டைகள் கலைந்து, கருமை மேலோங்கிவிடும். அந்த விடுபடல் தாய், தந்தையில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குட்டி பழுப்பு கலந்த கருப்பு. இருவரிடமிருந்தும் வந்தால் முழுக் கருப்பு. ஒரே கூட்டில் சாம்பல் குட்டியும் கருப்புக் குட்டியும் சேர்ந்தே பிறக்கலாம். என் நண்பர் இரண்டு நிமிடத்தில் அழித்தது இதைத்தான். ஓர் அணிலின் அப்பா அம்மாவைப் பற்றி அதன் வால் சொன்ன தகவல் அது.

அபூர்வ நிறம் என்பதற்காகத்தானே படமெடுக்கிறோம்? அப்படியிருக்க, அந்த நிறத்திலேயே கைவைத்தால் படத்தில் மிச்சம் என்ன இருக்கிறது? சாதாரண அணிலின் படத்தில் நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் போகிறது. இதில் நிறம் மட்டும்தான் விஷயம்.

சரி, வெள்ளை எடுப்பாகத் தெரிய வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது. அதை எடுக்கும்போதே செய்யுங்கள். பின்னணியில் இருட்டான இலைகள் இருந்தால் கேமரா வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக் கூட்டிவிடும். வெள்ளை வெளிறிப்போய், முடியின் இழை ஒன்றுகூட மிஞ்சாது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (பாதியாக) குறைத்துப் பாருங்கள். கருப்பு அணில் சட்டகத்தை நிறைத்து நின்றாலும் இதே போலக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வெளிறிய சாம்பலாகிவிடும். பிளாஷ் போடாதீர்கள், கண்ணில் சிவப்புத் தெறித்தால் கருங்கண் அணிலையும் அல்பினோ என்று நம்பிவிடுவோம். பக்கத்தில் ஒரு சாம்பல் அணில் வந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே படத்தில் எடுங்கள். ஒரே வெளிச்சத்தில் இரண்டும் இருந்தால் நிறத்தைப் பற்றிச் சந்தேகமே வராது.

துடைக்காத மூலப்படத்தை வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதை அனுப்புங்கள். நாளைக் காலை போகும்போது கேமராவைத் தோளிலேயே விட்டுவிட்டு முதலில் கண்ணைப் பாருங்கள், பிறகு தலையை, பிறகு முதுகில் கோடு ஏதும் ஓடுகிறதா என்று பாருங்கள். பார்த்ததை அப்படியே எழுதுங்கள். அது எந்த மரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் யாருக்கும், எனக்கும்கூட, சொல்ல வேண்டாம்.