கறுப்புத் திரை அரட்டை: கேள்வியும் பதிலும்

டெர்மினலில், அதாவது கட்டளைகளை அடித்து வேலை வாங்கும் கறுப்புத் திரையில், ஓடும் அரட்டைச் செயலிகளைப் பற்றிப் போன முறை நாலு வரி எழுதினாலும் எழுதினேன், கேள்விகள் குவிந்துவிட்டன. சிலவற்றுக்கு இங்கே பதில். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

உசிலம்பட்டிப் பக்கம் கிராமத்தில் இருந்து வேலை பார்க்கிறேன். எஸ்எஸ்எச் வழியாகத் தூரத்துச் சர்வரில் நுழைந்து வீசாட் என்ற ஐஆர்சி அரட்டைச் செயலியைத் திறக்கிறேன். சிக்னல் போனால் அரட்டையும் போய்விடுகிறது. என்ன செய்வது சார்?

வீசாட்டை நேரடியாகத் திறக்காதீர்கள். முதலில் டீமக்ஸ், அதாவது நாம் வெளியேறினாலும் உள்ளே இருப்பதை ஓடவிடும் கருவி, அதற்குள் வீசாட். சர்வரில் டீமக்ஸ் என்று அடித்தால் கீழே ஒரு பச்சைப் பட்டை வரும். அதற்குள் வீசாட்டை ஓடவிடுங்கள். கிளம்பும்போது கண்ட்ரோலும் பி-யும் சேர்த்து அழுத்தி விட்டு, அப்புறம் தனியாக டி. நீங்கள் வெளியே வந்துவிடுவீர்கள், வீசாட் உள்ளேயே இருக்கும். திரும்பி வந்து ‘டீமக்ஸ் அட்டாச்’ என்றால் விட்ட இடத்தில் நிற்கும். நடுவில் மற்றவர்கள் பேசியதும் அப்படியே இருக்கும். சிக்னல் தானாக அறுந்தாலும் இதே கதைதான்.

எஸ்எஸ்எச்சுக்குப் பதில் மோஷ் என்ற இணைப்புக் கருவியைப் போட்டுப் பாருங்கள். வைஃபையில் இருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் அறுபடாது. சர்வரிலும் மோஷ் இருக்க வேண்டும், அதன் ஃபயர்வாலில் யூடிபி போர்ட் 60000 முதல் 61000 வரை திறந்திருக்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று மதுரை கோரிப்பாளையத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், போனில் நாலு கோடு காட்டும், ஒரு படம்கூட நகராது. அந்தக் கூட்டத்துக்குள் நின்று போனில் டெர்மினல் தரும் டெர்மக்ஸ் செயலியில் மோஷ் போட்டு அலுவலகத்துக்குப் பதில் அடித்திருக்கிறேன். எழுத்து மட்டும் போவதால் எப்படியாவது நுழைந்துவிடுகிறது. மோஷில் மேலே ஸ்க்ரோல் செய்து பழசைப் பார்க்க முடியாது என்பது ஒரு குறை. டீமக்ஸ் உள்ளே இருந்தால் அதுவும் தீர்ந்தது.

தமிழில் பேசினால் எழுத்தெல்லாம் பிய்ந்து வருகிறது. எந்தச் செயலியில் இது சரியாக இருக்கும்? — கல்லூரி மாணவி, திருப்பரங்குன்றம்

செயலியை மாற்றிப் பயனில்லை அம்மா, குற்றம் பெரும்பாலும் அதன்மேல் இல்லை. முதலில் எப்படிப் பிய்கிறது என்று பாருங்கள். கேள்விக்குறியாகவோ அடிக்கோடாகவோ வந்தால் லோக்கேல், அதாவது கணினியின் மொழி அமைப்பு, தமிழையும் தாங்கும் எழுத்துக் குறியீடான யூடிஎஃப்-8 ஆக இல்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்துவிட்டு டீமக்ஸை ‘மைனஸ் யூ’ சேர்த்துத் திறங்கள்.

எழுத்து தெரிகிறது, ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கிறது என்றால் அது டெர்மினலின் வேலை. டெர்மினல் என்பது கட்டம் போட்ட நோட்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து என்பது அதன் கணக்கு. ‘கோரிப்பாளையம்’ அந்தக் கணக்குக்கு அடங்காது. ‘கோ’வில் ஒரே உயிர்க்குறி ககரத்துக்கு இரண்டு பக்கமும் நிற்கிறது. ‘ளை’யில் பின்னால் அடித்த குறி முன்னால் வர வேண்டும். பழைய எக்ஸ்டெர்ம் இதில் தடுமாறும். எம்எல்டெர்ம் இந்த மாதிரி எழுத்துகளையும் மனத்தில் வைத்துச் செய்தது, கான்சோலும் பரவாயில்லை. அப்போதும் வரியின் வலது ஓரம் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். செயலி ஒரு அகலம் கணக்குப் போட, டீமக்ஸ் ஒன்று போட, டெர்மினல் வேறொன்று போடுகிறது. மூன்றும் ஒத்துப்போகாத இடத்தில் நான் கண்ட்ரோல் எல் அடித்துத் திரையைப் புதுப்பித்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறேன்.

ஐஆர்சியில் நீளமாகத் தமிழில் எழுதினால் பாதியில் அறுந்துவிடுகிறதே?

அறும். ஐஆர்சியில் ஒரு செய்தி, வரிமுடிவையும் சேர்த்து 512 பைட். அதன் விதிகளைச் சொல்லி 1993-இல் வந்த ஆர்எஃப்சி 1459 ஆவணத்திலேயே அப்படித்தான். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட் தின்னும். ‘திருப்பரங்குன்றம்’ நம் கண்ணுக்குப் பத்து எழுத்து, கணினிக்கு 17 குறி, ஆக 51 பைட். உங்கள் பெயர், சேனல் பெயர் எல்லாம் அதே 512-இல் பங்கு கேட்கும். எட்டுத் திருப்பரங்குன்றம் போட்டால் முடிந்தது. வீசாட் தானே துண்டு போட்டு அனுப்பிவிடும். அப்படிச் செய்யாத செயலி என்றால் நீங்களே சின்னச் சின்னதாக அடியுங்கள். நீளமாகத்தான் பேசுவேன் என்றால் எக்ஸ்எம்பிபி என்ற வேறொரு அரட்டை முறையின் பக்கம் வந்துவிடுங்கள், அதற்கு ப்ரொஃபானிட்டி நல்ல செயலி.

என் மகன் ராத்திரி எல்லாம் கறுப்புத் திரையில் எதையோ தட்டிக்கொண்டே இருக்கிறான். ஹேக்கிங் மாதிரி ஏதாவது செய்கிறானோ என்று பயமாக இருக்கிறது. — வில்லாபுரம்

திரையின் ஓரத்தில் பெயர்கள் வரிசையாக இருக்கின்றனவா? அப்படியென்றால் அரட்டை அடிக்கிறான் அக்கா, அவ்வளவுதான். 1988-இல் பின்லாந்தில் யார்க்கோ ஓய்க்கரினென் என்பவர் ஆரம்பித்த ஐஆர்சியாக இருக்கும். லினக்ஸ் படிக்கிறவர்கள் சந்தேகம் கேட்கும் இடம். தூங்காததற்கு வேண்டுமானால் திட்டுங்கள்.

தம்பி, பழைய லேப்டாப்பில் ஃபின்ச் என்ற டெர்மினல் அரட்டைச் செயலியைப் போட்டேன். என் யாகூ கணக்கு ஏறவே மாட்டேன் என்கிறது.

ஐயா, யாகூ மெசஞ்சரை 2018 ஜூலையிலேயே மூடிவிட்டார்கள். கடவுச்சொல்லில் தப்பில்லை, எதிர்முனையில் ஆளே இல்லை. ஃபின்ச்சைத் தூக்கிப் போட வேண்டாம், எக்ஸ்எம்பிபி கணக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆல்ட் ஏ அடித்தால் மெனு, ஆல்ட் என் அடித்தால் அடுத்த ஜன்னல். ஃபின்ச்சுக்குப் பதில் டெர்மினலின் சொந்த மெனு திறந்துகொண்டால், அதன் செட்டிங்கில் ஆல்ட் குறுக்குவழியை நிறுத்திவிடுங்கள்.

வாட்ஸ்அப்பை டெர்மினலில் பார்க்க முடியுமா?

முடியும். என்சாட் என்று ஒன்று இருக்கிறது, டெலிகிராமும் அதிலேயே வரும். ஆனால் இது கம்பெனி கொடுத்த செயலி இல்லை. கணக்கை முடக்கினால் கேட்க ஆள் கிடையாது. கடை வியாபாரம் ஓடும் நம்பரில் இந்த விளையாட்டு வேண்டாம்.

கப்பலூர் சிட்கோவில் எங்கள் யூனிட் சர்வரில் தினமும் பேக்கப் ஓடுகிறது. தோற்றால் என் போனுக்குச் செய்தி வர வேண்டும்.

எக்ஸ்எம்பிபி வழியே செய்தி அனுப்பும் கோ-செண்ட்எக்ஸ்எம்பிபி என்ற கருவி போதும். செய்தியை எக்கோ செய்து, பைப் வழியாக அதற்குள் தள்ளி, உங்கள் போனில் இருக்கும் எக்ஸ்எம்பிபி கணக்கின் முகவரியைக் கொடுத்தால் போய்விடும். சர்வருக்கென்று தனிக் கணக்கு திறங்கள், உங்கள் சொந்தக் கணக்கைக் கொடுக்காதீர்கள். கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதினால் அதே மெஷினில், ஓடும் கட்டளைகளைப் பட்டியல் போடும் ‘பிஎஸ்’ அடிக்கிற யாருக்கும் தெரியும். கான்ஃபிக் ஃபைலில் வைத்து அதற்கு 600 அனுமதி, அதாவது உரியவர் மட்டும் படிக்கும் அனுமதி, கொடுங்கள். குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் க்ரான் ஓடும்போது உங்கள் லோக்கேல் அதற்குத் தெரியாது. செய்தி தமிழில் என்றால் ஸ்கிரிப்டின் தலையிலேயே யூடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. டிஸ்க் நிரம்பினால் சொல் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி வைத்துவிட்டு ஒரு நாள் பத்து மணிக்குப் படுத்தேன். காலை ஆறு மணிக்குப் போனில் 96 செய்தி, எல்லாம் ஒரே வாசகம். அதனால் முதல் தடவை தோற்றதும் ஒரு காலி ஃபைலை உருவாக்கச் சொல்லுங்கள். அந்த ஃபைல் இருக்கும்வரை மறுபடி அனுப்பக் கூடாது, பேக்கப் ஒழுங்காக முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும்.