ஏர்பாக்ஸ் மூடியைக் கழற்றலாமா?

கேள்வி: மண்பாதையில் ஓட்டும் நான்கு சக்கர ஏடிவி, பழைய சுசூகி எல்டி-இசட்400 ஒன்று வாங்கினேன், கார்புரேட்டர் மாடல். ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல்பட்டுப் பக்கம் நண்பரின் நிலத்தில் ஓட்டுகிறோம். ஏர்பாக்ஸ் (காற்று ஃபில்டர் இருக்கும் பெட்டி) மூடியைக் கழற்றிவிட்டு, ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட்டேன். கட்டைவிரல் ஆக்சிலேட்டரை முழுசாக அழுத்தினால் வண்டி திக்குகிறது. விட்டால் சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கிறது. என்ன செய்வது?
- நீலாங்கரை வாசகர்

பதில்: முதலில் மூடியைத் திரும்ப மாட்டுங்கள். அது சரியாகும்வரை முழு ஆக்சிலேட்டரில் ஓட்ட வேண்டாம். இரண்டு அறிகுறியும் சேர்ந்து வந்தால் இன்ஜின் லீனாக, அதாவது காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் ஓடுகிறது என்று அர்த்தம். இப்படியே விட்டால் பிஸ்டன் தலை உருகவும் கூடும்.

காற்று போகிற வழியையும் புகை வெளியேறுகிற வழியையும் அகலப்படுத்திவிட்டீர்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற ஜெட்டின் துளை மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுசாக எரிய 14.7 கிலோ காற்று போதும். முழு வேகத்தில் பலம் கிடைக்க அதைவிடக் குறைவாக, 12.5 முதல் 13 வரைதான் இருக்க வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பதோ 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அதற்கு 14.7 என்பது சுமார் 13.5 ஆகிவிடுகிறது. அதாவது உங்கள் வண்டி மூடியைக் கழற்றும் முன்பே கொஞ்சம் லீன்தான். வெளிநாட்டுக்காரர் சொல்லும் ஜெட் நம்பரை அப்படியே வாங்கிப் போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். அவர் ஊர்ப் பெட்ரோலும் வேறு, வெயிலும் வேறு.

மெயின் ஜெட்டை ஒவ்வொரு நம்பராகப் பெரிதாக்குங்கள். முக்கால் ஆக்சிலேட்டருக்கு மேல்தான் அதன் வேலை. நடுவில் நீடில் என்ற ஊசியும், முதல் கால் பங்கில் பைலட் என்ற சின்ன ஜெட்டும் பார்த்துக்கொள்ளும். மாற்றிய ஒவ்வொரு முறையும் புது பிளக் போட்டு, நேர்ப்பாதையில் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டுங்கள். அப்படியே கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிளக் நுனியின் பீங்கான் சாம்பல் வெள்ளையாக இருந்தால் இன்னும் லீன். கரி பிடித்திருந்தால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். பால் தூக்கலாக விட்ட காபி நிறம் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். கம்பி விட்டு ஜெட்டைக் குடைந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். துளை கோணிவிட்டால் அந்த ஜெட்டின் நம்பருக்கு அப்புறம் மதிப்பே இல்லை.

வெடிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. சைலன்சருக்குப் புகை கொண்டுபோகும் பெண்ட் பைப், சிலிண்டர் ஹெட்டில் சேரும் இடத்தில் கேஸ்கெட் சரியாக உட்காராவிட்டாலும் அப்படித்தான் வெடிக்கும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வந்தால் கேஸ்கெட்டை மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் என் யோசனை, மூடி இருக்கட்டும் என்பதுதான். புதுப்பேட்டையில் 26 வருஷமாகக் கார்புரேட்டர் பார்க்கிறேன். ஆரம்பத்தில் என் சொந்த வண்டியிலும் மூடியைக் கழற்றிவிட்டு, கோவளம் சவுக்குத் தோப்பில் ஒரு கோடை முழுக்க ஓட்டினேன். ஃபில்டர் இருக்கிறதே என்ற தைரியம். ஒருநாள் கார்புரேட்டருக்கு முன்னால் இருக்கும் ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே விரலால் தடவிப் பார்த்தேன். மாவு மாதிரி மணல், எண்ணெயோடு குழைந்து ஒட்டியது. ஃபில்டரின் விளிம்பில் கிரீஸ் வைக்காததால் அந்த இடுக்கு வழியாகப் போயிருக்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்து, சிலிண்டரில் கோடு விழுந்து, அதைக் கடைந்து போர் செய்ய வேண்டி வந்தது. அந்தச் செலவைவிட, நல்ல இன்ஜினை நானே கெடுத்தேனே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஃபோம் ஃபில்டரை மண்ணெண்ணெயில் அலசி, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். பெட்ரோலில் போட்டால் ஒட்டு விட்டுப்போகும். ஃபில்டருக்கென்று விற்கும் எண்ணெயை ஊற்றிப் பிசைந்து, மிச்சத்தைப் பிழிந்துவிட்டு மாட்டுங்கள். விளிம்பில் கிரீஸை மறக்க வேண்டாம்.

சைலன்சரைப் பற்றி ஒன்று. பாதையில் நீங்கள் பெரும்பாலும் ஓட்டுவது குறைந்த வேகத்தில், ஏற்றத்திலும் பள்ளத்திலும். அங்கே வேண்டியது அடி இழுவை. குழாயை அளவுக்கு மீறித் திறந்துவிட்டால் அதுதான் முதலில் குறையும். சத்தம் ஏறியதைப் பலம் ஏறியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் இந்த வண்டிகளுக்கு 96 டெசிபல்தான் வரம்பு. காடுகளில் தீப்பொறி தடுப்பு வலையும் கட்டாயம். சித்திரை வெயிலில் நம் காய்ந்த புல்லுக்கும் அந்த வலை வேண்டும். கழற்றியிருந்தால் திரும்பப் போடுங்கள்.

கேள்வி: இந்த வண்டியைக் கடற்கரை மணலில் ராத்திரி ஓட்டினால் என்ன?
- வேளச்சேரி வாசகர்

பதில்: வேண்டாம். ஜனவரியில் தொடங்கி, பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் இரவில்தான் நம் கரைக்கு ஏறி முட்டை இடுகின்றன. ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும், பொரிய 45 நாளுக்கு மேல் ஆகும். சக்கரம் ஏறினால் மணல் இறுகி முட்டை நசுங்கும். பொரித்து வந்த குஞ்சு சக்கரத் தடத்தில் விழுந்தால் கடலுக்குப் போக முடியாது. உங்கள் வண்டியை மினி லாரியில் ஏற்றி, அனுமதி வாங்கிய தனியார் நிலத்துக்குக் கொண்டுபோங்கள்.